இரண்டு கையும் தூக்கிய நேரம்

மொட்டை மாடிக்கு ஏறினால் எல்லோரும் வானத்தைப் பார்ப்பார்கள்; நான் ஓரத்தைப் பார்ப்பேன். கைப்பிடிச் சுவர் இருக்கிறதா, எவ்வளவு உயரம், பக்கத்தில் குழந்தை எதுவும் நிற்கிறதா. வீட்டில் இதற்காக என்னைக் கிண்டல் செய்கிறார்கள். செய்யட்டும். பத்து வயதில் நான் பட்ட பயம் அவர்களுக்குத் தெரியாது.

எங்கள் எதிர்வீட்டு அக்காவுக்கு ஒன்றரை வயதில் ஒரு பெண் குழந்தை இருந்தது. பெயருக்குத்தான் அது அக்காவின் குழந்தை. வளர்ந்ததெல்லாம் தெருவின் இடுப்பில். காலையில் ஒரு வீட்டில் இட்லி, பத்து மணிக்கு இன்னொரு வீட்டில் தூக்கம். குழந்தை எங்கே என்று அக்கா தேடியதே இல்லை. யார் வீட்டிலாவது இருக்கும். அந்த நம்பிக்கைதான் எங்கள் தெருவின் பெருமை. என் பயமும் அதுதான்.

கார்த்திகை தீபத்தன்று மலை உச்சியில் சுடர் தெரிகிற வரை எங்கள் தெருவில் யாரும் லைட் போட மாட்டார்கள். ஆறு மணிக்கு முன்பே தெரு மொத்தமும் தெருக்கோடி வீட்டு மாடியில் ஏறிவிடும். அதுதான் உயரம். மேலே இன்னும் ரூம் எடுக்கப் போகிறேன் என்று சொல்லி, வீட்டுக்காரர் பின்பக்கம் மட்டும் சுவர் வைக்காமல், கம்பிகளை நீட்டியபடி விட்டிருந்தார். நாங்கள் பார்க்கப் போவது மேற்கே மலையை. பின்பக்கம் யாருக்கு வேண்டும்?

அந்த வருடம் எங்கள் பக்கத்து போர்ஷன் அத்தையும் மாடிக்கு வந்தார். ஆடியில்தான் அவர் கணவர் இறந்திருந்தார். 

"துக்க வீட்டுக்காரங்க, இந்த வருஷம் முன்னாடி வந்து நிக்கணுமா? பின்னாடியே இருந்துக்கோங்க" என்றார் கோடி வீட்டு அம்மா.

அத்தை பின்னால் தண்ணீர்த் தொட்டி ஓரமாகப் போய் நின்றார். எனக்கும் அவரைப் பார்க்கப் பயமாகத்தான் இருந்தது. அவர் எதிரே வந்தால் போகிற காரியம் உருப்படாது என்று பெரியவர்கள் பேசியதைக் கேட்டிருந்தேன்.

"கொஞ்சம் புடிச்சுக்கோடி" என்று எதிர்வீட்டு அக்கா குழந்தையை என் இடுப்பில் ஏற்றிவிட்டு முன்வரிசைக்குப் போய்விட்டாள்.

சுடர் தெரிந்தது. "அண்ணாமலையாருக்கு அரோகரா!" என்று மாடியே கத்தியது. தலைக்கு மேல் இரண்டு கையும் தூக்கிக் கும்பிட வேண்டும். ஒரு கையால் கும்பிட்டால் சாமி கோபித்துக்கொள்ளும் என்று நம்பிய வயது எனக்கு. குழந்தையைக் கீழே இறக்கி விட்டேன். இத்தனை பேர் இருக்கிறார்களே, யாராவது தூக்கிக்கொள்வார்கள்.

கையை இறக்கியபோது காலடியில் குழந்தை இல்லை.

இடுப்பு இடுப்பாகப் பார்த்துக்கொண்டு போனேன். எந்த இடுப்பிலும் இல்லை. எல்லோர் கையும் இன்னும் மேலேதான் இருந்தது. கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தேன். கத்தினால் அக்காவுக்குத் தெரிந்துவிடுமே என்ற பயத்தில் மூடிக்கொண்டேன்; இதைச் சொல்ல இன்றும் வெட்கமாக இருக்கிறது. சுவர் இல்லாத பக்கம் திரும்பினேன்.

ஓரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, கம்பிகளுக்கு நடுவே அத்தை மண்டியிட்டிருந்தார். மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குழந்தையின் கவுனை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. அத்தைக்கு மூச்சு இரைத்தது.

குழந்தையை என் கையில் கொடுத்தார். அறை விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"தீபம் ஏத்தும்போது நல்லா தெரிஞ்சுதா பாப்பா? நான் பாக்கல" என்றார்.

தலையை மட்டும் ஆட்டினேன்.

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் போயிற்று. எப்போது போட்டுக்கொடுப்பாரோ என்றே இருந்தேன். குழாயடியில் அவரும் எதிர்வீட்டு அக்காவும் ஒன்றாக நின்றுவிட்டால் எனக்கு உயிர் போய் உயிர் வரும். அத்தை யாரிடமும் சொல்லவில்லை.

தை மாதம் அவர் வீட்டைக் காலி செய்துகொண்டு தன் அம்மா வீட்டுக்குக் கிளம்பினார். ஆட்டோவில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோது, எதிர்வீட்டு அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கோ போகப் புறப்பட்டு வெளியே வந்தாள். அத்தையைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"சகுனமே சரியில்ல. அப்புறமா போலாம்" என்று முணுமுணுத்தபடி உள்ளே திரும்பினாள்.

எனக்கே கேட்டது. அத்தைக்கும் கேட்டிருக்கும். ஒரு வார்த்தை சொல்ல வேண்டியவள் நான். எல்லாம் தெரிந்தவள் நான் ஒருத்திதான். சொன்னால் அக்கா என்னை என்ன செய்வாளோ என்று பயந்து, எங்கள் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

அக்காவின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, குழந்தை மட்டும் அத்தைக்கு டாட்டா காட்டியது.