கனகத்தின் மைக்ரோ ஜெராக்ஸ்

மண்ணூரில் காலேஜ் கேட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள் கனகம். நிலமெல்லாம் கம்பெனிக்குப் போன பிறகு வந்த பிழைப்பு அது. பரீட்சை வந்தால் போதும், கடையில் பசங்கள் கூட்டம் அம்மும். புத்தகப் பக்கத்தைத் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கித் தர வேண்டும். மைக்ரோ என்பார்கள். சட்டைக்கை மடிப்பில் ஒளித்துப் போய்ப் பார்த்து எழுதத்தான் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும். "எவ பெத்த புள்ளையோ, எனக்கு இன்னா?" என்று போட்டுக் கொடுத்தாள்.

தான் பெற்ற பிள்ளைக்கு மட்டும் கூடாது! ஸ்ரீதர் அதே காலேஜில் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். "மிஷினாண்ட வந்தே, காலை ஒடிச்சிடுவேன். நீ படிச்சு பாஸ் பண்ணு" என்று மிரட்டி வைத்திருந்தாள். தங்கள் தெருவுக்கே முதல் இன்ஜினியர் என்று கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டாள்.

2011 நவம்பரில் ஒருநாள் காலேஜிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டான். பிரின்சிபால் மேஜையில் ஒரு துண்டுச் சீட்டு கிடந்தது. சுவரோரம் ஸ்ரீதர் தலைகுனிந்து நின்றான்.

"உங்க பையன் பிட் அடிச்சிருக்கான்மா. எந்தக் கடையில எடுத்தான்னு சொன்னா இந்த ஒரு பேப்பரோட விட்டுடலாம். வாயே திறக்க மாட்டேங்கிறான்" என்றார் பிரின்சிபால்.

கனகம் சீட்டைப் பார்த்தாள். இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக மெல்லிய கறுப்புக் கோடு. அவள் மிஷினில் எது எடுத்தாலும் விழுகிற கோடு, எத்தனை துடைத்தும் போகாத சனியன். கூட்டாளி எவனையோ அனுப்பி எடுத்திருக்கிறான் ஸ்ரீதர். இவளும் போட்டுக் கொடுத்திருக்கிறாள். சொல்லிவிடலாம். சொன்னால் கடை போச்சு. வீட்டில் அடுப்பு எரிவதே அதை வைத்துத்தான். பாவி மனுஷி, வாயைத் திறக்கவில்லை. எழுதிய பேப்பரெல்லாம் ரத்து, அடுத்த பரீட்சைக்கும் உட்காரக் கூடாது என்று முடித்துவிட்டார்கள்.

வெளியே வந்ததும், "ஏண்டா இப்டி பண்ணே?" என்றாள்.

"மொத நாள்லேர்ந்தே ஒண்ணும் புரியலம்மா. எல்லாம் இங்கிலீஷ். டவுட்டு கேட்டா கிளாஸே சிரிக்குது. உன்னாண்ட எப்டி சொல்றது? ஊரு பூரா இன்ஜினியருன்னு சொல்லிகினு கீறியே."

"கடை பேரைச் சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?"

"அது நம்ம கடைம்மா."

கனகம் நடுரோட்டிலேயே முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள்.

மறுநாளும் பரீட்சை இருந்தது. கடை வாசலில் பசங்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். "அக்கா, மைக்ரோ!" என்று ஒருவன் தாளை நீட்டினான். கனகத்துக்குக் கை எழவில்லை. ஸ்ரீதர்தான் அதை வாங்கி மிஷினில் வைத்தான்.

"நீ தள்ளும்மா, நான் போடறேன். எனக்குத்தான் இன்னிக்குப் பரீட்சை இல்லியே."