கண்ணீர் அஞ்சலி மறைக்கும் வளைவு

எங்கள் பக்கத்தில் ஐம்பது வயது தாண்டிய ஆள் சைக்கிளில் போனால் முதலில் கேட்கிற கேள்வி, "சர்க்கரையாங்க?" என்பதுதான். டாக்டர் சொல்லித்தான் மிதிக்கிறான் என்று நினைப்பு. இல்லை என்றால் வண்டிக்கு என்ன ஆச்சு என்பார்கள். வண்டியே இல்லை என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் கேள்வி வராது, ஒரு பார்வை மட்டும் வரும். கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் ஒருவர், "தவுட்டு யாவாரம் அவ்வளவு மோசமாப் போச்சுங்களா?" என்று நிஜமான கவலையோடு என்னைக் கேட்டார். நான் மாட்டுத் தீவனக் கடை வைத்திருக்கிறேன். வியாபாரம் நன்றாகத்தான் போகிறது. சைக்கிள் பழகிவிட்டது, விட மனசில்லை, அவ்வளவுதான்.

இந்த மாதிரிப் பேச்சுகளைக் கேட்டு மனசில் சேர்த்துக்கொள்வது எனக்குப் பிடிக்கும். பள்ளிக்கூடத்தில் படித்ததைவிட ஊரார் வாயிலிருந்து நான் படித்ததுதான் அதிகம். ஆனால் எங்கள் வாய்க்கால் வளைவைப் பற்றி அதே ஊரார் பேசிய பேச்சுகளை நினைத்தால் இன்றைக்கும் ரசிக்க முடியவில்லை.

அந்த வளைவைச் சொல்லிவிடுகிறேன். ஊருக்குள்ளிருந்து பால் சொசைட்டிக்கு வருகிற ரோடு, வாய்க்கால் பாலத்தில் ஏறி இறங்கியதும் சட்டென்று இடப்பக்கம் திரும்பும். என் கடை சொசைட்டிக்கு அடுத்த கட்டடம். திருப்பத்தின் உள்பக்கம் முன்பு நிலக்கடலைக் காடு மட்டும்தான் இருந்தது. பாலத்தின் மேலிருந்தே எதிரில் வருவதைப் பார்த்துவிடலாம். எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து ஜல்லி ஏற்றி வரும் டிப்பர் லாரிகள் வேகத்தைக் குறைக்காமல் நம் ஓரத்துக்கே வந்து திருப்பத்தை வெட்டிக்கொண்டு போகும். அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். பார்த்து ஒதுங்கிக்கொள்வோம்.

அப்புறம் அங்கே பலகைகள் வந்தன. நாலு ஊர்க்காரரும் கடக்கிற இடம் என்பதால் பிளெக்ஸ் கட்டுவதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை என்று எல்லாக் கட்சிக்கும் ஒரே சமயத்தில் தோன்றியிருக்கிறது. பஸ் டிரைவர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார், அவருக்குப் பலகைக்கு மேலே தெரியும். சைக்கிள்காரனுக்குப் பலகை மட்டும்தான் தெரியும்.

பங்குனியில் மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கு வைத்த பலகை வரிசை இன்னும் கழற்றாமல் நின்ற சமயம். விடிகாலையில் பால் கேனோடு சைக்கிளில் வந்த ஒருவர் அந்தத் திருப்பத்தில் டிப்பர் மோதி இறந்துபோனார். இரண்டு கறவை மாடு வைத்திருந்தவர், என் கடைக்குத் தினமும் வருகிறவர். எந்தக் கட்சிக்காரர் வீட்டு இழவானாலும் முதல் ஆளாக வந்து பந்தல்கால் நடுவார். அதனால் அவர் எந்தக் கட்சிக்காரர் என்று யாருக்கும் தெரியாது. கடைசியில் அதுதான் வினையாகிவிட்டது. எல்லாரும் அவரைத் தங்கள் ஆள் என்று நினைத்தார்கள்.

இங்கே ஒருவர் இறந்தால் மலையாளத்தில் ஆதராஞ்சலி, தமிழில் கண்ணீர் அஞ்சலி என்று முச்சந்தியில் பிளெக்ஸ் வைக்காமல் இருக்க மாட்டார்கள். வைக்காவிட்டால் செத்தவரை மதிக்கவில்லை என்று ஆகும். அவருக்கு மூன்று கட்சிக்காரர்கள் வைத்தார்கள். ஆட்டோ ஸ்டாண்டு வைத்தது, பால் சொசைட்டி வைத்தது, நோம்பிக் கமிட்டி வைத்தது. இறந்த இடத்திலேயே வைத்தால்தான் பொருத்தம் என்று எல்லாரும் அந்த வளைவிலேயே வைத்தார்கள். எல்லாப் பலகையிலும் ஒரே போட்டோ. ஒரு கல்யாணத்தில் எடுத்ததை வெட்டியது. அவர் தோள்மேல் யாருடையதோ நான்கு விரல்கள் தெரியும். அவை என் விரல்கள். சின்னப் பலகைகள் இருந்ததற்கே அவர் போனார். இப்போது அதே இடத்தில் பெரிய பலகைகள், இடைவெளி இல்லாமல்.

அவர் சம்சாரத்தை நான் அம்மிணி என்றுதான் கூப்பிடுவேன். காரியமெல்லாம் முடிந்ததும் ஒருநாள், நெளிந்து கிடந்த அந்தச் சைக்கிளைச் சரிபண்ணித் தரச் சொன்னாள். மாடு கறந்துகொண்டே இருக்கிறது, பாலைச் சொசைட்டியில் நேரத்துக்குள் ஊற்றியாக வேண்டும், நடந்தால் எட்டாது. சின்ன வயசில் ஓட்டியிருக்கிறாளாம். சக்கரத்தை மாற்றி, கேன் மாட்டும் கொக்கியை நிமிர்த்திக் கொடுத்தேன். புருஷன் போன வண்டியிலேயே போகிறாளே என்று சொசைட்டி வரிசையில் ஒரு கிசுகிசுப்பு. டிப்பரைப் பற்றி அந்த வரிசையில் யாரும் கிசுகிசுத்து நான் கேட்டதில்லை.

ஒருநாள் கேனை இறக்கிவிட்டு நேராகக் கடைக்கு வந்தாள். லாரி உரசிக்கொண்டு போனதாம். அப்போது சொன்னாள்: "அவரு மூஞ்சிதானுங்ண்ணா எனக்கு மறைக்குது. லாரி வருதா இல்லியான்னு அவரு மூஞ்சியத் தாண்டித்தான் எட்டிப் பாக்கோணும்."

அன்றைக்கே நான் வார்டு மெம்பர் வீட்டுக்குப் போனேன். நல்ல பெண்மணி, மரியாதையாக டீ கொடுத்தார். பிறகு சொன்னார்: "எங்க போர்ட நாங்க மொதல்ல எடுத்தா, செத்தவருக்கு மரியாதையில்லீன்னு அவிங்க பேசுவாங்கண்ணா. அவிங்க எடுத்துட்டாங்கன்னா அடுத்த நிமிசமே நாங்களும் எடுத்தர்றோம்." நான் அந்த அவிங்களிடம், அதாவது எதிர்க்கட்சிக்காரரிடம், போனேன். அதே வார்த்தைகள், ஆட்கள் மட்டும் இடம் மாறியிருந்தார்கள். மூன்றாவது கட்சிக்காரர், பெரிய கட்சிகளே எடுக்காதபோது எங்களைப் போய்க் கேட்கிறீர்களே என்று வருத்தப்பட்டார். ஆட்டோ ஸ்டாண்டில், "நாங்க கட்சியே இல்லீங்களே, எங்கள ஏனுங்க இதுல இழுக்கறீங்க?" என்றார்கள். பஞ்சாயத்து ஆபீசில், ரோடு தங்களுடையது இல்லை, ரோட்டு இலாகாவுடையது என்றார்கள். அந்த இலாகா ஆபீசில், ரோடுதான் எங்களுடையது, பலகை பஞ்சாயத்து விஷயம் என்றார்கள். இப்படிப் பலகை வைக்கக்கூடாது என்று சட்டம் இருப்பது இவர்கள் எல்லாருக்கும் தெரியும். என்னிடம் அதைச் சொன்னதே அவர்கள்தான்.

கிராமசபை கூடியபோது எழுந்து நின்று பேசினேன். எனக்கு மேடைப்பேச்சு வராது, கடையில் பேசுகிற மாதிரிதான் பேசினேன். அம்மிணி பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பேசி முடித்ததும் பள்ளிக்கூட ஹாலே யோசனை சொல்ல ஆரம்பித்தது. சைக்கிள்காரர்கள் பளிச்சென்று தெரிகிற சட்டை போட வேண்டும் என்றார் ஒருவர். பெல் அடிக்க வேண்டும், விளக்கு மாட்ட வேண்டும் என்றார் இன்னொருவர். கார் வைத்திருக்கும் ஒருவர், "சைக்கிள்ல போறவிங்க ஓரமாப் போனா ஒரு தொந்தரவும் இல்லீங்க" என்றார். பலகை நிற்பதே அந்த ஓரத்தில்தான் என்று நான் சொன்னது சத்தத்தில் அமுங்கிவிட்டது. ஒரு பாட்டி, பொம்பளைக்கு அந்த நேரத்தில் சைக்கிள் எதற்கு என்று கேட்டார். அவர் மகன் வீட்டுக்குப் பால் வருவது அம்மிணி வீட்டிலிருந்துதான்.

பலகைகளை எடுப்பது பற்றி ஒரு கட்சியும் வாய் திறக்கவில்லை. கடைசியில் எல்லாக் கட்சியும் சேர்ந்து ஏகமனதாக ஒரு தீர்மானம் போட்டார்கள். அந்த வளைவில் விழிப்புணர்வுப் பலகை வைப்பது. கைதட்டல். யாரோ என் தோளைத் தட்டி, "உங்களாலதானுங்க இது நடந்துச்சு" என்றார்.

எங்கள் பஞ்சாயத்தில் ஒரு காரியம் அவ்வளவு சீக்கிரம் நடந்து நான் பார்த்ததில்லை. இரும்புச் சட்டம் அடித்து, காங்கிரீட்டில் கால் ஊன்றி, "அபாய வளைவு, கவனமாகச் செல்லவும்" என்று இரண்டு பாஷையிலும் எழுதி, கீழே மெம்பரிலிருந்து பிரசிடெண்டு வரை படம் போட்டு வைத்துவிட்டார்கள். சொசைட்டிப் பலகைக்கும் ஆட்டோ ஸ்டாண்டுப் பலகைக்கும் நடுவில் ஒரு முழம் சந்து இருந்தது. அம்மிணி தினமும் காலை ஊன்றி, தலையைச் சாய்த்து அந்தச் சந்து வழியாகத்தான் எதிர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சந்தும் அடைபட்டது.

மறுநாள் காலையில் அவள் கடைக்கு வந்தாள். அழுகையெல்லாம் இல்லை. "அண்ணா, அந்தச் சாக்கு அறுக்கற கத்தியக் கொஞ்சம் குடுங்க" என்றாள். எதற்கு என்று கேட்காமலே கடையைச் சாத்திவிட்டுக் கூடப் போனேன்.

முதலில் நோம்பிக் கமிட்டியின் தமிழ்ப் பலகையை அறுத்தாள். பிறகு சொசைட்டியுடையது, பிறகு கட்சிகளுடையவை. கயிற்றை மட்டும் அறுத்து, பிளெக்ஸைக் கிழிக்காமல் சுருட்டினாள். ஆட்டோக்காரர்கள் இறங்கி வந்து நின்றார்கள். ஒருவர் மெதுவாக, "அக்கா, அது எங்க ஸ்டாண்டோடதுங்க" என்றார்.

"போட்டோவுல இருக்கறது யாருங்க?" என்று கேட்டாள் அம்மிணி. "எங்கூட்டுக்காரரு. நான் ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

அவர் முகம் இருந்த பலகைகள் எல்லாவற்றையும் எடுத்தாள். பக்கத்தில் நின்ற கட்சித் தலைவர் பிறந்தநாள் பலகையைத் தொடவில்லை, பஞ்சாயத்துப் பலகையையும் தொடவில்லை. அவை அவளுடையவை இல்லையாம். சுருளை நான் கேரியரில் வைத்துக் கட்டி அவள் வீட்டில் கொண்டுபோய்ப் போட்டேன். இப்போது அது வைக்கோல்போர்மேல் கிடக்கிறது, முகம் உள்பக்கமாக. மழையில் அவர் நனைய வேண்டாமே என்றாள்.

டீக்கடையில் அன்று முழுக்க அந்தப் பேச்சுதான். நாம் மரியாதை செய்தோம், அவள் அவமரியாதை செய்துவிட்டாள் என்றார்கள். கத்தி என்னுடையது என்பதால் தூண்டிவிட்டது நான்தான் என்று முடிவானது. இருக்கட்டும். அவளுக்கு எதிர் ரோடு பாதியாவது தெரிந்தது. சில நாள் அந்தக் கணக்கிலேயே நிம்மதியாக இருந்தேன்.

பலகை போனாலும் மரச்சட்டங்கள் அப்படியே நின்றுகொண்டிருந்ததை நான் யோசிக்கவில்லை. பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தது. எல்லாப் பாடத்திலும் ஏ பிளஸ் வாங்கிய பிள்ளைகளுக்கு வாழ்த்துப் பலகை வைப்பது எங்கள் பக்கத்தில் நோம்பிக்குச் சமம். ஒரு காலையில் பார்த்தால் எல்லாச் சட்டத்திலும் சிரித்த முகங்கள். அம்மிணி பாலத்து இறக்கத்தில் இறங்கி, கேனோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, ஒவ்வொரு அடியாக எட்டிப் பார்த்துத் திரும்பினாள். "என்னுங்ண்ணா பண்றது, நான் பெத்ததுகளா அதுக? நான் எப்பிடிக் கை வெக்கறது?" என்றாள்.

அவளால் முடியாது, சரி. ஆனால் நோம்பிக் கமிட்டியின் சட்டத்தில் நடுவில் இருந்தது என் தம்பி மகள். வளைவின் மூக்கில், பஞ்சாயத்துப் பலகை அடைத்த அந்தப் பழைய சந்துக்குச் சற்றுத் தள்ளி. பலகைக்குப் பணம் கொடுத்தது தம்பி. அந்தப் பெண் படித்ததில் எனக்கு இருக்கிற சந்தோஷத்தை இங்கே எழுதி நிரூபிக்க வேண்டியதில்லை.

கடையைச் சாத்தினேன். கத்தியை எடுத்துக்கொண்டு போய்க் கயிற்றை அறுத்தேன். அப்புறம், இந்தத் தடவை மறக்காமல், சட்டத்தின் கால்களையும் ஆட்டி ஆட்டிப் பிடுங்கி வாய்க்கால் கரையில் போட்டேன். பிளெக்ஸை மடித்துத் தம்பி வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் வாங்கிக்கொள்ளவில்லை. "எம்புள்ள நாலு பேரு கண்ணுல படறது உனக்குப் பொறுக்கலியா?" என்று கேட்டான். தம்பி மனைவி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தப் பெண் மட்டும் ஜன்னலில் நின்று, பெரியப்பா கையில் மடங்கிக் கிடந்த தன் போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிளெக்ஸைத் திண்ணையில் வைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தேன்.

தம்பி இன்னும் என்னோடு பேசுவதில்லை. மற்றப் பலகைகள் அப்படியேதான் நிற்கின்றன. மெம்பரிடம் மறுபடி போனேன். பிள்ளைகள் விஷயம், எப்படி எடுப்பது அண்ணா என்றார். ஒரு சட்டம் நின்ற இடம் மட்டும்தான் திறந்திருக்கிறது. விடிகாலையில் நான் கடைவாசலில் சாணம் தெளித்துக்கொண்டிருக்கும்போது பாலத்து மேல் கேன் கொக்கி கிணுகிணுக்கும். திருப்பத்தில் அந்தச் சத்தம் நிற்கும். அம்மிணி அந்த இடைவெளி வழியாகப் பார்க்கிறாள் என்று அர்த்தம். கொக்கி மறுபடி கிணுகிணுக்கிற வரைக்கும் நான் வாளியைக் கீழே வைப்பதில்லை.