தன் தவறை எழுதி வைத்த பெண்

அதிகம் படிக்காத நான் இதை எழுதலாமா என்று நாலு வருடம் தயங்கினேன். மாதா மன்னிக்கட்டும்.

திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் லாரிகளுக்கு கேட் பாஸ் அடிப்பது என் வேலை. பாஸ் அடிக்கும் கம்ப்யூட்டர் புரோகிராமைத் திருத்த ஒரு பெண் வருவார். நெற்றியில் எப்போதும் ஹெல்மெட் பதிந்த தடம். எதை மாற்றினாலும், ஏன் மாற்றினார் என்று அதிலேயே இரண்டு வரி எழுதிவிடுவார்.

ஒருநாள் பாஸ் எல்லாம் தவறான வண்டி எண்ணோடு வந்தது.

"இன்னா நைனா, தூங்கிகினே அடிச்சியா? நாளையிலேர்ந்து வராதே" என்றார் மேனேஜர்.

அந்தப் பெண் தன் குறிப்பைத் திறந்து காட்டினார். "அண்ணன் மேல தப்பு இல்ல சார். நேத்து நான் மாத்துனது." மாற்றுமுன் எடுத்து வைத்திருந்த புரோகிராமின் பழைய பிரதியைப் போட்டதும் பாஸ் சரியாக வந்தது.

"நீ சொல்லலேன்னா யாருக்கும்மா தெரியும்?" என்றேன்.

"மறைச்சா நாளைக்கு எனக்கே சரி பண்ணத் தெரியாதுண்ணே."

என் வேலை நிலைத்தது. இன்றும் ஜெபத்தில் அவரை நினைக்கிறேன். இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். எதையும் கூட்ட வேண்டாம். அவர் தவறு செய்ததையும் விட்டுவிட வேண்டாம்.