சென்னப்பனின் இடது பக்கம்

ஊட்டமலைப் பரிசல் துறையில் சென்னப்பனுக்கு இடது கண் தெரியாது என்பது இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் அவர், மற்றவர் அவர் மனைவி தங்கம்மாள். சிறுவயதில் புளியமரத்திலிருந்து விழுந்ததில் போன பார்வை அது. பார்ப்பதற்கு அந்தக் கண்ணும் மற்றதைப் போலவே பளிச்சென்று இருக்கும். காவிரிச் சுழலில், பாறைகளுக்கு நடுவே, ஒரு கண் தெரியாதவர் விடும் பரிசலில் பிள்ளைகுட்டியோடு யார் ஏறுவார்கள்? நானாக இருந்தாலும் ஏறமாட்டேன். அதனால் மனிதர் வருஷக்கணக்காக வாயைத் திறக்கவில்லை.

முப்பத்தெட்டாம் வருஷக் கோடையில் ஒகேனக்கல் பங்களாவுக்கு ஒரு இளம் துரை வந்து தங்கினார். கப்பலை விட்டு இறங்கி ஆறு மாதம்கூட ஆகியிருக்காது. துணைக்குத் தர்மபுரிக்காரர் அப்துல் சுபான், சமையலும் பார்த்துத் துரை பேச்சையும் தமிழாக்கிச் சொல்லுபவர். துரைக்கு இறகுத் தூண்டில் பழக வேண்டும் என்று ஆசை. முள்ளில் புழு கிடையாது, களியுருண்டை கிடையாது. கோழி இறகைப் பூச்சி மாதிரி நூலால் கட்டி, கயிற்றைத் தலைக்கு மேலே பின்னால் ஒரு வீச்சு, முன்னால் ஒரு வீச்சு வீசித் தண்ணீரின் மேல் பூப்போல வைக்க வேண்டுமாம். களியைக் கண்டால் ஓடி வந்து விழுங்குகிற கெண்டைக்கு இத்தனை மரியாதை எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

முதலில் மணலில் தொப்பியை வைத்து அதன் மேல் வீசிப் பழகினார். முள் தொப்பியைத் தவிர எல்லாவற்றிலும் மாட்டியது. வேலஞ்செடியில், சுபானின் தலைப்பாகையில், துரையின் கால்சட்டைப் பின்புறத்தில். துறையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சென்னப்பனும்தான் சிரித்தார். அடுத்து துரை பரிசலில் ஏறிப் பழகப்போகிறார் என்று கேட்டதும் அவர் சிரிப்பு நின்றுபோனது.

முதல் நாள் துடுப்புப் போட்ட பரிசல்காரன் மாது தோளில் முள் வாங்கிக்கொண்டு மாமியார் ஊருக்கு ஓடிவிட்டான். மணியக்காரர் சென்னப்பனைக் கைகாட்டினார். மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். என்ன சொல்வது? இருக்கிற ஒரு கண்ணும் போய்விடும் என்றா?

அன்று மாலை தங்கம்மாள் அடுப்பைப் பற்றவைக்கவே இல்லை.

"நாளைக்குப் போவாதீங்க. இருக்குற கண்ணும் போச்சுன்னா நம்ம வூட்டுல என்ன இருக்குது?"

"போவலீன்னா மட்டும் என்ன இருக்குது?" என்றார் சென்னப்பன்.

பரிசல் வட்டமானது, எந்தப் பக்கமும் அதற்கு முன்பக்கம்தான். ஆற்றில் இறங்கியதும் சென்னப்பன் கண்டுபிடித்த வழி அது. துரை கையை ஓங்கும்போதெல்லாம் துடுப்பை லேசாகத் திருப்பி, முள் தன் இடது பக்கமாகவே போகும்படி பார்த்துக்கொண்டார். அந்தக் கண்ணுக்கு இனி என்ன வந்துவிடப்போகிறது? ஆனால் முள் வருவது தெரியாது. காதோரம் 'விர்'ரென்று சத்தம் மட்டும் கேட்கும். உள்ளங்கை வியர்த்துத் துடுப்பு வழுக்கும். முகம் மட்டும் அசையாது.

துரை அசந்துபோனார். மற்றவர்கள் குனிகிறார்கள், கூச்சல் போடுகிறார்கள், இந்த ஆள் இமைகூடக் கொட்டவில்லையே, இப்படி ஒரு தைரியசாலியை நான் பார்த்ததில்லை என்று சொன்னாராம். சுபான் அதைத் துறையில் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். இனி எந்நாளும் துரைக்குச் சென்னப்பன்தான் வேண்டும் என்றும் சொன்னார். தப்பிக்கச் செய்த தந்திரமே மனிதரைச் சிக்கவைத்துவிட்டது.

அதன்பிறகு விடிந்தால் பயம். தங்கம்மாள் வேலைவெட்டியை விட்டுவிட்டுக் கரையிலேயே உட்கார்ந்திருப்பாள். பரிசல் திரும்பியதும் முதலில் புருஷன் முகத்தைத்தான் பார்ப்பாள்.

பென்னாகரம் சந்தை நாளன்று காற்று தலைகீழாக அடித்தது. துரை பின்னால் வீசியது பாதியிலேயே திரும்பி வந்து சென்னப்பனின் இடது இமையில் ஏறியது. ரத்தம் கன்னத்தில் இறங்க, வலியைப் பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டு அவர் பரிசலைக் கரைக்குச் சேர்த்தார். அக்கரைக்குப் போகிற சந்தைப் பெண்கள் அவர் பரிசலில் ஏறக் காத்திருந்தார்கள். சுபான் முள்ளை மெல்லக் கழற்றினார். அதற்குள் பெண்கள் கூடைகளைப் பரிசலுக்குள் வைத்துவிட்டு எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

துரை தன் உள்ளங்கையால் சென்னப்பனின் வலது கண்ணை மூடி, மறு கை விரல்களைக் காட்டினார். எத்தனை என்று சுபான் கேட்டார். வாயில் வந்த ஒரு எண்ணைச் சொல்லியிருக்கலாம். சென்னப்பனுக்குப் பொய் வரவில்லை.

"தெரியலீங்க."

சுபான் அதைச் சொன்னதும் துரை மணலில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு, அத்தனை பேர் முன்னால் குலுங்கிக் குலுங்கி அழுதார். ஒரு மனிதனைக் குருடாக்கிவிட்டேன் என்று புலம்பினார்.

அப்படியே விட்டிருக்கலாம். பழி துரையோடு போயிருக்கும், இத்தனை வருஷம் மறைத்ததும் வெளியே வந்திருக்காது, ஊரும் பரிதாபப்பட்டிருக்கும். தங்கம்மாள்கூடப் பேசாதிருங்கள் என்று தலையை ஆட்டினாள். ஆனால் செய்யாத பாவத்துக்கு ஒரு பையன் அழுவதைப் பார்த்துக்கொண்டிருக்க அவரால் முடியவில்லை. இந்த இடத்தில்தான் எனக்கு அந்த மனிதர் மேல் கோபமும் வருகிறது, கையெடுத்துக் கும்பிடவும் தோன்றுகிறது.

"அழுவ வேணாமுன்னு சொல்லுங்க, பாய். இவரு பண்ணுனது இல்லீங்க. அந்தக் கண்ணு சின்ன வயசுலயே போயிருச்சு."

சுபான் துரையிடம் சொல்ல வாயெடுப்பதற்குள் கரைக்குப் புரிந்துவிட்டது. யாரும் திட்டவில்லை. பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து, அவர் முகத்தைப் பார்க்காமல், பரிசலுக்குள் வைத்த கூடைகளை எடுத்துக்கொண்டு போனார்கள்.

சென்னப்பன் துடுப்பை ஊன்றியபடி காலிப் பரிசலைப் பார்த்து நின்றார். தங்கம்மாள் முந்தானையால் அவர் கன்னத்து ரத்தத்தைத் துடைத்துவிட்டாள். பிறகு பரிசலில் ஏறி, அவர் உட்காரும் இடத்துக்கு இடது பக்கமாக உட்கார்ந்தாள்.

"ஏறுங்க. இந்தப் பக்கம் பாறை வந்தா நான் சொல்றேன்."