சீற்றில் கிடந்த லேஞ்சி

என் அலுமாரியில் ஒரு லேஞ்சி இருக்கிறது. நீலக் கட்டம் போட்ட கைக்குட்டை, ஒரு மூலை கிழிந்தது. என் அரச சேவைக் காலம் முழுவதிலும் அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு வந்து திரும்பிப் போகாத பொருள் அது ஒன்றுதான். சட்டைப் பையோடு ஒரு குண்டூசி வந்தாலும் மறுநாள் கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டவன் நான். இந்த லேஞ்சிக்குப் பொருட்பதிவேட்டில் இலக்கம் இல்லை. இலக்கம் இல்லாத பொருளைத் திருப்பிக் கொடுக்க வழியும் இல்லை.

வவுனியாவுக்கு வெளியே இருந்த ஒரு கல்லூரியில் நான் பதிவாளராக இருந்தேன். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கும்போது நாடக விரிவுரையாளர் ஒருவர் வந்து சேர்ந்தார். மாணவர்களுக்கு அவர் ‘டிராமா மிஸ்’. ஆள் சிறியவர், குரல் பெரியது. எந்தப் படிவத்தையும் அவர் சரியாக நிரப்பியதில்லை. மண்டபம் கேட்டு அவர் அனுப்பிய விண்ணப்பத்தில் ‘நிகழ்வின் நோக்கம்’ என்ற இடத்தில் ‘சம்மதம்’ என்று ஒரு சொல்லை மட்டும் எழுதியிருந்தார். ‘யாருடைய சம்மதம்? இணைக்கப்படவில்லை’ என்று சிவப்பு மையால் எழுதித் திருப்பி அனுப்பினேன். அரை மணித்தியாலத்தில் நேரே வந்து என் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அதைத்தான் சேர் நானும் கேக்கிறன். அந்தப் பிள்ளையின்ர சம்மதம் எங்க இணைச்சுக் கிடக்கு?”

எந்தப் பிள்ளை என்று எனக்குத் தெரியும். நெடுங்கேணியிலிருந்து வந்து படித்த முதலாம் வருட மாணவி. அவளுடைய விலகல் கடிதம் என் மேசையில்தான் இருந்தது. ‘சொந்தக் காரணங்களுக்காக’ என்று எழுதியிருந்தாள். ஓரம் விட்டு, எழுத்துப் பிழையின்றி, திகதியும் கையொப்பமும் உரிய இடத்தில் இருந்த அந்தக் கடிதத்தை, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், நான் ரசித்தேன். பதினான்கு நாளுக்குள் அவள் அதை மீளப் பெறாவிட்டால் பெயரை வெட்டவேண்டும். அதுதான் நடைமுறை.

சொந்தக் காரணம் என்னவென்று மிஸ் சொன்னார். காலை பஸ்ஸில் சீற் பிடிக்கும் முறை எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பஸ் நிற்பதற்கு முன்பே யன்னலுக்குள்ளால் லேஞ்சியை எறிந்துவிடவேண்டும். லேஞ்சி விழுந்த சீற் எறிந்தவனுக்கு. அரசாங்க வர்த்தமானி இதழில் வராத சட்டம், ஆனால் வர்த்தமானியில் வந்தவற்றைவிட ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்படுவது. இரண்டாம் வருடப் பொடியன் ஒருவன் மூன்று கிழமையாக அவளுக்கும் சேர்த்து லேஞ்சி எறிந்திருக்கிறான். பஸ்ஸில் மூச்சுவிட இடமில்லை, பாதையோ நீளம். பிள்ளையும் அந்தச் சீற்றில் இருந்திருக்கிறாள். அவன் கல்லூரி விடுதியில் இருந்த கூட்டாளிமாரிடம் போய், “ஓமெண்டிட்டாள்” என்று, தன் காதலுக்கே அவள் சம்மதித்ததுபோல் அறிவித்துவிட்டான். பிறகு அவள் நின்றே பயணம் செய்தாள். அவன் அவளுடைய வீட்டுக்குப் போகும் ஒழுங்கை முகப்பில் வந்து நிற்கத் தொடங்கினான். “அப்ப ஏன் என்ர சீற்றில இருந்தவா?” என்பது அவன் வாதம். கூட்டாளிமார் அதை நியாயம் என்றார்கள்.

எனக்கும் அந்த வாதம் முறைப்படி இருப்பதாகவே பட்டது. ஏனென்றால் நான் அனுப்பிய கடிதங்கள் எல்லாம் ஒரே வரியில்தான் முடியும்: ‘பதினான்கு நாட்களுக்குள் மறுமொழி கிடைக்காவிடின் தங்கள் சம்மதம் எனக் கருதப்படும்.’ அந்த வரியால் என் சேவைக்காலத்தில் எத்தனையோ தலையிடிகள் தீர்ந்திருந்தன.

விலகல் கடிதம் வந்த பதினோராம் நாள் மிஸ்ஸின் நாடகம் அவர் கேட்ட மண்டபத்திலேயே நடந்தது. பெற்றோர் யாராவது முறைப்பாடு செய்தால் கையில் ஓர் அறிக்கை இருக்கவேண்டும் என்று அதிபர் என்னை அனுப்பியிருந்தார். மேடையில் மாணவர்கள் கதிரைகளை அடுக்கிப் பஸ் ஆக்கியிருந்தார்கள். சாரதியின் கையில் ஸ்ரியறிங்குக்குப் பதிலாகக் குசினியிலிருந்து வந்த தட்டு. கதை பிழைத்துப்போகும் இடத்தில் நாடகம் நிற்கும். பார்ப்பவர்களில் ஒருவர் எழுந்து வந்து அந்தப் பெண்ணின் பாத்திரத்தை எடுத்து, கதையை மாற்றிக் காட்டவேண்டும். நாடகம் நின்றது. ஒருவரும் எழும்பவில்லை. மிஸ் முன்வரிசையைப் பார்த்தார்.

“சேர், வர விருப்பமோ? இல்லையெண்டாலும் சொல்லலாம்.”

இல்லையென்று சொல்ல வாய் திறந்தேன். மண்டபம் முழுக்கக் கைதட்டியது. போனேன். தோளில் ஒரு சால்வையைப் போட்டு என்னைப் பதினெட்டு வயதுப் பெண்ணாக்கினார்கள். மொட்டந்தலையைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, அவ்வளவு கட்டுப்பாடு.

என் திட்டம் சுருக்கமானது: கடைசிவரை நிற்பது. ஆனால் நடத்துநராக நடித்தவன் நெடுங்கேணியிலிருந்து புளியங்குளம்வரை ஒவ்வொரு தரிப்பாகச் சொல்லி, என்னை உள்ளே தள்ளிக்கொண்டே வந்தான். நீலக் கட்ட லேஞ்சி விரித்த கதிரை பக்கத்தில் கிடந்தது. புளியங்குளச் சந்தியில் என் வலது முழங்கால் என்னைக் கேளாமல் முடிவெடுத்தது. அந்தக் கதிரையில் இருந்துவிட்டேன்.

“இருந்திட்டா! மச்சான், ஓமெண்டிட்டா!” என்று பொடியனாக நடித்தவன் துள்ளினான்.

“தம்பி, நான் முழங்கால் நோவுக்குத்தான் இருந்தனான்.”

“அதை எழுத்தில தந்தனீங்களோ? மறுமொழி இல்லாட்டிச் சம்மதம் எண்டு நீங்கதானே சேர் எங்களுக்குக் கடிதம் போடுறனீங்க!”

மண்டபம் இடிந்து விழும்போல் சிரித்தது. எந்தப் பிரிவின் கீழ் மறுப்பது என்று தேடினேன். நான் கட்டிய வேலிக்குள் நானே சால்வையோடு இருந்தேன். சிரிப்பு அடங்கும்போது பின்வரிசையிலிருந்து ஒரு பிள்ளை நடந்து வந்தாள். நெடுங்கேணிப் பிள்ளை. “சேர், நீங்கள் எழும்புங்கோ” என்று சால்வையை வாங்கித் தன் தோளில் போட்டாள். லேஞ்சியை எடுத்து மடித்தாள். பொடியனாக நடித்தவனை நேரே பார்த்துச் சொன்னாள்:

“சீற்றில இருந்தது கால் உளைஞ்சபடியால. அதுக்கு நன்றி. வேற ஒண்டுக்கும் நான் ஓமெண்டு சொல்லேல்லை. இனி எனக்குச் சீற் பிடிக்கவேண்டாம், ஒழுங்கையடிக்கும் வரவேண்டாம்.”

நடித்த பொடியன் தன் வசனத்தை மறந்து, “சரி அக்கா” என்றான். கடைசி வரிசையில் இருந்த உண்மைப் பொடியன் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த நாளிலிருந்து அவன் முந்திய பஸ்ஸில் வந்தான்.

பதின்மூன்றாம் நாள் அந்தப் பிள்ளை விலகலை மீளப் பெற வந்தாள். அதற்கு எங்களிடம் படிவம் இல்லை. வெள்ளைத்தாளில் எழுதச் சொன்னேன். என் சேவையில் நான் செய்த பெரிய முறைகேடு அது. அன்று மாலையே என் கடிதங்களின் கடைசி வரியையும் நீக்கினேன். அதன்பின் பதில்களுக்காகக் காத்திருந்து காத்திருந்து கோப்புகள் உயர்ந்தன. மிஸ் வந்து அந்தக் குவியலைப் பார்த்து, “வடிவாயிருக்கு சேர்” என்று மட்டும் சொன்னார். மேடையில் வியர்வை துடைக்க யாரோ என் கையில் திணித்த அந்த லேஞ்சி அப்படியே வீட்டுக்கு வந்துவிட்டது.

போன மாதம் மனைவியைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போகக் கிளிநொச்சி பஸ் நிலையத்தில் நின்றேன். அவசரத்தில் அலுமாரியிலிருந்து எடுத்துவந்தது அதே லேஞ்சி. பழக்கதோசத்தில் யன்னலுக்குள்ளால் எறிந்தேன். மனைவி ஏறி, அதை எடுத்துவிட்டு அந்தச் சீற்றில் இருந்தாள். மாங்குளம் தாண்டியதும் நாடகக் கதை முழுவதையும் அவளுக்குச் சொன்னேன். சொல்லி முடித்தபோது ஒன்று உறைத்தது.

“இஞ்சாரும், பொம்பிளை பார்க்க வந்தண்டைக்கு நீர் தேத்தண்ணித் தட்டோட தலையைக் குனிஞ்சனீர். அதைப் பார்த்துத்தான் சம்மதம் எண்டு முடிவெடுத்தது.”

“தட்டில பதினொரு கோப்பை. பாரத்தில குனிஞ்சனான்.”

“அப்ப ஒருத்தரும் உம்மைக் கேக்கேல்லையோ?”

“இப்பதான் கேக்கிறியள்.”

“சரி, இப்ப கேட்டா?”

அவள் லேஞ்சியை மடித்து என் சட்டைப் பையில் வைத்தாள். “பொறுங்கோ, யோசிச்சுச் சொல்லுறன். சீற்றில இருக்கிறதை வச்சு ஒண்டும் எழுதிப்போடாதேங்கோ.”

பதினான்கு நாள் எப்போதோ கடந்துவிட்டது. லேஞ்சி மறுபடி அலுமாரியில். பதில் வரவில்லை என்றால் என்ன பொருள் என்று இப்போது எனக்குத் தெரியும்: பதில் இன்னும் வரவில்லை என்று பொருள். காலையில் அவளுக்குத் தேத்தண்ணியை நான்தான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.