மாவு அத்தையின் விரல்கள்

மாவு அத்தை என்று அவளுக்குப் பெயர் வைத்தது பகல்நேரக் காப்பகத்துப் பிள்ளைகள். இரண்டு வயது, மூன்று வயது வாண்டுகள். அவர்கள் வந்து சேருமுன் விளையாட்டு அறையில் பாய் விரித்து, தொட்டிகளை வரிசையாக வைப்பது அவள் வேலை. ஒன்றில் சாயமேற்றிக் காயவைத்த அரிசி. ஒன்றில் ஊறி உப்பிய ஜவ்வரிசி. இன்னொன்றில் தொட்டி வழிய சோப்பு நுரை. தாழ்ந்த மேசைமேல் நீலமும் மஞ்சளுமாக மாவு உருண்டைகள். பிள்ளைகள் அள்ளுவார்கள், பிசைவார்கள், தலையில் கொட்டிக்கொள்வார்கள்.

"எல்லா வீட்டுலயும் புள்ளைங்க கொட்டாம இருக்கணும்னு கெஞ்சுவாங்க. நீ கொட்டுறதுக்குன்னே எடுத்து வைக்கிற. இதுக்குச் சம்பளம் வேற!" என்று அவள் கணவர் கேலி செய்வார். அவர் தையல்காரர். கழுத்தில் அளவு நாடாவும் வாயில் குறும்புமாகவே இருப்பவர்.

அவர்களுக்குப் பிறந்த ஒரே பிள்ளை ஒரு மழைக்காலம்கூடத் தங்கவில்லை. அந்த வெறுமையை அவள் மறந்திருந்த இடம் உலகத்திலேயே ஒன்றுதான் உண்டு. அந்த அறை.

அறைக்கு ஒரு கண்டிப்பான விதி இருந்தது. எடுத்து வைப்பவரின் கைதான் முதலில் உள்ளே போகவேண்டும். அரிசியில் கல் இருக்கிறதா, தொட்டியின் விளிம்பு கீறுகிறதா, தண்ணீர் சுடுகிறதா என்று அடிவரை துழாவிப் பார்த்த பிறகே கதவைத் திறக்கலாம். பெரிய டீச்சர் போட்ட விதி அது. மாவு அத்தை ஒருநாளும் அதைத் தவறவிட்டதில்லை.

ஆனால் அவளது விரல்கள்தான் அவளைக் கைவிட்டன.

முதலில் நுனி மரத்துப்போனது. பிறகு உள்ளங்கை. சர்க்கரை நோய் நரம்பைத் தின்றுவிட்டது என்றார் மருத்துவர். போன உணர்ச்சி திரும்புவது கஷ்டம் என்றும் சொன்னார். அன்று மாலை தையல்காரர் நம்பாமல் ஊசியால் அவள் விரலை மெல்லக் குத்தினார். ரத்தம் துளிர்த்தது. அவள் முகம் மாறவில்லை.

"அடடா, இந்த வரம் எனக்குக் கிடைச்சிருந்தா எத்தனை குத்துக்கு அழாம இருந்திருப்பேன்!" என்று சிரித்தார். அடுத்த நிமிடமே, தைத்துக்கொண்டிருந்த துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

"டீச்சர்கிட்ட சொல்லிடு."

"சொன்னா அந்த ரூமுக்குள்ள விடமாட்டாங்க."

"புள்ளைங்களுக்கு ஏதாவது ஆயிட்டா?"

"என் கண்ணு நல்லாத்தானே இருக்கு? பாத்துப் பாத்து வைக்கிறேன்."

சில மாதங்கள் அப்படித்தான் ஓடின. அரிசியைக் கைப்பிடி கைப்பிடியாக வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். தொட்டி விளிம்புகளைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். கண்ணால் காண முடியாதது சூடு ஒன்றுதான் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

மாவை எப்போதும் முந்தின நாளே கிண்டி வைத்துவிடுவாள். கொதிநீரில் மாவு, உப்பு, எண்ணெய் எல்லாம் சேர்த்துக் கிளறிப் பிசைவது. அன்று மழை ஈரத்தில் பழைய மாவு பிசுபிசுத்துக் கெட்டிருந்தது. காலையிலேயே புதிதாகக் கிண்டினாள். ஆவி அடங்கியது. மேலே பளபளப்பு மறைந்து காய்ந்தது. விதிப்படி இரு கைகளாலும் அழுத்தினாள், பிட்டாள், உருட்டினாள். எதுவும் சுடவில்லை.

பட்டாணி என்று எல்லோரும் செல்லமாகக் கூப்பிடும் சிறுமிதான் முதலில் ஓடிவந்தாள். பெரிய உருண்டையின் நடுவில் உள்ளங்கையைப் புதைத்தாள். அடுத்த நொடி அவள் அலறிய அலறலில் அறையே உறைந்தது.

குளிர்ந்த தண்ணீரில் கையைப் பிடித்தார்கள். மருந்து போட்டார்கள். உள்ளங்கை சிவந்து, நடுவில் ஒரு சின்னக் கொப்புளம்.

"கை வச்சுப் பாத்தீங்கல்ல அத்தை?" என்று கேட்டார் பெரிய டீச்சர்.

"பாத்தேன் டீச்சர்."

அது பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை.

பட்டாணியின் அம்மா பதறிக்கொண்டு வந்தாள். மகளைத் தடவிப் பார்த்தாள். பிறகு, தலை குனிந்து நின்ற மாவு அத்தையின் தோளைத் தொட்டாள்.

"நீங்க ஏன் அழறீங்க அத்தை? நீங்க தொட்டுப் பாக்காம எதையும் குடுக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியாதா? மாவுக்குள்ள எங்கயோ சூடு நின்னிருக்கு. நீங்க என்ன பண்ணுவீங்க?"

ஏசியிருந்தால் தாங்கியிருப்பாள். இந்த நம்பிக்கையை அவளால் தாங்க முடியவில்லை.

"தொட்டேன் தாயி. ஆனா எனக்குத் தெரியல. எனக்கு எதுவுமே தெரியாது. இந்தக் கை செத்துப்போய் மாசக்கணக்கா ஆச்சு."

அம்மா தோளிலிருந்து கையை எடுத்தாள். மகளைத் தூக்கிக்கொண்டு ஓரடி பின்னால் நகர்ந்தாள். அந்த ஓரடிதான் மாவு அத்தைக்குக் கிடைத்த தண்டனை.

பெரிய டீச்சர் அருகே வந்தார். "ஏன் முன்னாடியே சொல்லல?"

"சொன்னா அனுப்பிடுவீங்கன்னுதான்."

"அந்த ரூம்ல இருந்து அனுப்பத்தான் செஞ்சிருப்பேன் அத்தை. வாசல்ல இருங்க. செருப்பு அடுக்குங்க, புள்ளைங்க பையை வாங்கி வைங்க. வேலையை விட்டு உங்களை நான் அனுப்பமாட்டேன்."

அவள் தலையசைத்து மறுத்தாள். "உள்ள அதுங்க சிரிக்கிறதை வெளிய உக்காந்து கேட்டுட்டிருக்க என்னால ஆகாது டீச்சர். ஒரே ஒரு தடவை எல்லாம் எடுத்து வச்சிட்டுப் போறேன்."

அடுத்த வாரம், பட்டாணி திரும்பி வந்த நாளில் அவள் கடைசியாகத் தொட்டிகளை வைத்தாள். சூடு தேவைப்படாதவை மட்டும். அவள் கைவிட்டுத் துழாவிய ஒவ்வொரு தொட்டியிலும், பின்னாலேயே பெரிய டீச்சரும் கைவிட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

பிள்ளைகள் வந்தார்கள். பட்டாணி நேராக அவளிடம்தான் ஓடினாள். நல்ல கையால் அவள் விரல்களைப் பிடித்து இழுத்து, ஜவ்வரிசித் தொட்டிக்குள் மணிக்கட்டுவரை அமுக்கினாள்.

"கண்ணை மூடு! எப்டி இருக்குன்னு சொல்லு!"

கதவருகே நின்ற பட்டாணியின் அம்மாவின் கால் ஒரு முறை முன்னே வந்து நின்றுவிட்டது. அவள் தடுக்கவில்லை.

மாவு அத்தை கண்ணை மூடினாள். இருட்டு. அந்த இருட்டுக்குள் தன் கை எங்கே இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"குளுகுளுன்னு இருக்குடி தங்கம். வழுக்கு வழுக்குன்னு விரலுக்குள்ள ஓடுது. ஐயோ, கூச்சமா இருக்கே!"

பட்டாணி கலகலவென்று சிரித்தாள். பிறகு நுரைத் தொட்டியைப் பார்த்ததும் அவளை விட்டுவிட்டு அங்கே ஓடிப்போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

மாவு அத்தை கண்ணைத் திறந்து, விரல்களில் ஒட்டியிருந்த ஜவ்வரிசிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துத் தொட்டியிலேயே உதிர்த்தாள். பாய் விளிம்பு மடங்கிக் கிடந்தது, யாராவது தடுக்கி விழுவார்கள் என்று காலால் சரிசெய்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு, பிள்ளைகள் கவனிக்காத நேரமாகப் பார்த்து வெளியே வந்துவிட்டாள்.