காய்ச்சல் கப்

அந்த வீட்டில் எல்லாருக்கும் அவர் சித்தப்பா. பிள்ளைகள் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, கூடப்பிறந்த அண்ணனே ஒருநாள் வாய் தவறி, "சித்தப்பா, என் சாக்ஸ் எங்க?" என்று கேட்டுவிட்டார். அதுவே நிலைத்துவிட்டது.

அண்ணன் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர். வீட்டுக்குள்ளும் வாயாலேயே சைரன் போட்டபடிதான் நடப்பார்: தள்ளு, தள்ளு, வழி விடு. அண்ணி மின்கட்டணக் கவுண்டரில் உட்காருகிறவர். சாப்பிட்ட தட்டை நீட்டினாலும் நிமிராமல் "அடுத்தது" என்பார். இப்படி இரண்டு பேரும் ஷிப்ட் ஷிப்டாக ஓடுகிற வீட்டில் ஒரு பையனும் ஒரு பெண்ணும் வயிற்றுவலி இல்லாமல், ஜோடி சேர்ந்த செருப்போடு பள்ளிக்கூடம் போனார்கள் என்றால் அது சித்தப்பா கைங்கரியம். அவர் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவர். அதை மூடியதும் வீட்டையே வார்டாக எடுத்துக்கொண்டார்.

இடது தோளில் காய்ந்த துணி, பாத்திரத்துக்கு. வலது தோளில் ஈரத்துணி, மேஜைக்கு. இடி விழுந்தாலும் இரண்டும் தோள் மாறாது. கறி நறுக்கும் பலகை தனி, காய் நறுக்கும் பலகை தனி. சாவியை இங்கே மாட்டு, பையை அங்கே வை என்று யாரிடமும் மல்லுக்கட்ட மாட்டார். வந்த களைப்பில் அவர்கள் எங்கே வீசுகிறார்களோ, அங்கேயே ஒரு ஆணி அடித்துவிடுவார். அதனால் அந்த வீட்டில் ஆணிகள் எல்லாம் விசித்திரமான இடங்களில் இருந்தன. பொருள் மட்டும் தொலைந்ததில்லை.

யாருக்காவது காய்ச்சல் வந்தால் ஒரு பூப்போட்ட கப் வெளியே வரும். வீட்டிலேயே அழகானது அதுதான்; படுத்துக் கிடக்கிறவருக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருக்கட்டுமே என்று அதை ஒதுக்கியிருந்தார். கைப்பிடியில் சிவப்பு நூல் கட்டி, சமையலறை ஜன்னலோரம் தனியாக வைப்பார். காய்ச்சல்காரர் மட்டும்தான் அதில் குடிக்கலாம். குடித்ததும் கொதிநீரில் போட்டெடுப்பார். இதையெல்லாம் சாப்பாட்டு மேஜையில் பலமுறை சொல்லியிருக்கிறார். சுவர் கவனமாகக் கேட்டுக்கொண்டது.

நாற்பதைத் தாண்டியும் அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஒரே ஒரு இடம் கூடிவரும்போல இருந்தது. பெண்ணின் மாமா வந்த நேரம், சித்தப்பா தலையணை உறை மாற்றிக்கொண்டிருந்தார். மாமா வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"நாங்க மாப்பிள்ளை பாக்க வந்தோம். இங்க ஒரு மருமகள்ல இருக்கா" என்றார். வந்த வழியே போய்விட்டார். சித்தப்பாவும் சிரித்தார். ஆனால் அன்று போட்ட உறைகளிலெல்லாம் உள்பக்கம் வெளியே தெரிந்தது.

பிறகு தெருமுனையில் பேக்கரி வந்தது. அதை நடத்துகிற அம்மா ரொட்டியை இடுக்கியால்தான் எடுப்பார். காசு வாங்குவது மறு கையில். காசு வாங்கிய கை ரொட்டிப் பக்கம் போனதே இல்லை. மற்றவர்கள் கண்ணைப் பார்த்து மயங்குவார்கள். சித்தப்பா இடுக்கியைப் பார்த்து மயங்கினார். வீட்டில் தின்று தீராத அளவுக்கு ரொட்டி சேர்ந்ததும் அண்ணிக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவரே போய்க் கல்யாணப் பேச்சை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாவும் அவருடைய அக்காவும் டீ குடிக்க வருவதாக முடிவானது.

இந்த முறை மருமகள் பேச்சே வரக்கூடாது என்று அண்ணனும் அண்ணியும் கங்கணம் கட்டிக்கொண்டார்கள். மதியத்திலிருந்தே சித்தப்பாவுக்குச் சமையலறையில் தடை. பையனுக்குக் காய்ச்சல், கப்பைக் கொதிக்க வைக்க வேண்டும் என்று கெஞ்சிப் பார்த்தார். அதெல்லாம் அப்புறம் என்றார் அண்ணி. வாசல் மணி அடித்த நேரத்தில்தான் அண்ணன் கவனித்தார்: சித்தப்பா தோளில் இரண்டு துணியும் அப்படியே இருந்தன. பிடுங்கினார். ஒளிக்க இடமில்லாமல் நாற்காலியில் போட்டு மேலே உட்கார்ந்துகொண்டார்.

"தம்பிக்கு வீட்டு வேலைன்னா என்னன்னே தெரியாதுங்க. ராஜா மாதிரி வளத்தோம்" என்று ஆரம்பித்தார்.

ராஜா கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். காது மட்டும் சமையலறையில். கதவு திறந்தது, அது மாவு அலமாரி. மூடியது. அடுத்தது மருந்துப் பெட்டி. அண்ணி சர்க்கரையைத் தேடி ஊர்வலம் போகிறார். எழுந்து போய் எடுத்துக்கொடுக்கலாம் என்று கால் துடித்தது. அண்ணன் முறைத்தார்.

ஒருவழியாக டீ வந்தது. வந்தவர்களுக்கு நல்ல கப்பில் கொடுக்க வேண்டுமே என்று பார்த்துப் பார்த்து எடுத்திருந்தார் அண்ணி. அக்கா கையில் வெள்ளைக் கப். பேக்கரிக்காரம்மா கையில் பூப்போட்டது. கைப்பிடியில் சிவப்பு நூல்.

சித்தப்பா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். வாயைத் திறந்தால் பழைய மாமா கதைதான். ஒரு கப் டீதானே, சுடச்சுடத்தானே இருக்கிறது என்று ஒரு மனசு சொன்னது. கப் உதட்டருகே போய்விட்டது.

"குடிக்காதீங்க" என்றார்.

எல்லாரும் திரும்பினார்கள்.

"அது காய்ச்சல் கப். பையனுக்கு ரெண்டு நாளா காய்ச்சல். இன்னும் கொதிக்க வைக்கல." குரல் இறங்கியது. "இந்த வீட்டுல பாத்திரம், துணி, சமையல், எல்லாம் நான்தாங்க பாக்கறேன்."

அக்கா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அப்படியானால் ராஜா என்று சொன்னது என்ன கணக்கு என்று அண்ணனைக் கேட்டார். அண்ணன் நாற்காலியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பேக்கரிக்காரம்மா கப்பைக் கீழே வைத்தார்.

"கடைக்கு வரப்ப தோள்ல ரெண்டு துணி இருக்குமே, இன்னிக்குக் காணோமேன்னு வந்ததுலேருந்து பாத்துட்டே இருக்கேன். வேற யாரையோ உக்கார வச்சிருக்காங்களோன்னு நினைச்சேன்" என்றார். "எங்க வச்சிருக்கீங்க அத?"

சித்தப்பா அண்ணனைப் பார்த்தார். அண்ணி அண்ணனைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் அண்ணன் எழுந்தார். ஈரத்துணி தன் வேலையைச் செய்திருந்தது. அவர் பின்பக்கத்து ஈரத்தைக் காட்டாமல், சுவரோரமாகவே நடந்து உள்ளே போனார். அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

சித்தப்பா துணிகளை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, பூப்போட்ட கப்போடு சமையலறைக்குப் போனார். பேக்கரிக்காரம்மாவும் பின்னாலேயே வந்தார். வந்தவர் எதையும் தொடவில்லை. நேராகக் குழாயடிக்குப் போய் முதலில் கையைக் கழுவினார். அந்த வீட்டில் யாரும் சொல்லாமல் கை கழுவி சித்தப்பா பார்த்ததில்லை.

நீர் சொட்டும் கைகளோடு பேக்கரிக்காரம்மா திரும்பினார். "கைக்கு எந்தத் தோள்?"

"கைக்குத் தோள்ல கெடையாதுங்க. கதவுக்குப் பின்னால ஆணியில ஒரு துணி இருக்கும்."

அவர் போய் அந்தத் துணியை எடுத்துத் துடைத்தார். துடைத்ததும், எடுத்த ஆணியிலேயே மாட்டினார். சித்தப்பா தண்ணீரைக் கொதிக்க வைத்தார்.